மண்டபத்துப் பாசி கேட்கும் கேள்வி: ஆய்வு எப்போது தொழில் ஆகும்?

(தனுஷ்கோடிக்கு வந்திருந்த கல்லூரி மாணவர்களிடம் பேசிய உரையின் எழுத்து வடிவம். மின்னிதழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதப்பட்டுள்ளது.)



இதைப் படிக்கிற உங்கள்ல நிறையப் பேர் ஒரு தடவையாவது தனுஷ்கோடிக்கு வந்திருப்பீங்க. அரிச்சல்முனையில நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. கிழக்கே பார்த்து நின்னா, இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. இங்கே உள்ளவங்க சாதுவா கிடக்கிற இடது பக்கத்தைப் பெண் கடல்னும், சீறுகிற வலது பக்கத்தை ஆண் கடல்னும் சொல்வாங்க. 1964 டிசம்பர் புயல் இந்த ஊரை அழிச்ச கதை உங்களுக்குத் தெரியும். 2017-ல் சாலை முனை வரைக்கும் வந்ததும் தெரியும்.

இன்னிக்கு நான் புயலைப் பத்திப் பேச வரல. அந்தச் சாதுவான கடலுக்குள்ள வளர்கிற ஒரு பாசியைப் பத்திப் பேசப் போறேன். பேச்சோட தலைப்பு, பல்கலைக்கழகத்திலும் ஆய்வகத்திலும் கண்டுபிடிக்கிற விஷயங்கள் எப்படி ஒரு ஸ்டார்ட்அப் ஆகுது என்பது. அதுக்கு சிலிக்கான் பள்ளத்தாக்கு வரைக்கும் போக வேண்டியதில்லை. இங்கிருந்து பாம்பன் பாலத்தைத் தாண்டி மண்டபம் போனாலே போதும்.

ஐஸ்கிரீம் பாக்கெட்டில் ஒரு எண்

முதல்ல ஒரு சின்ன வேலை. அடுத்த தடவை ஐஸ்கிரீமோ பாக்கெட்டில் அடைச்ச சாக்லேட் பாலோ வாங்கும்போது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதைப் படிச்சுப் பாருங்க. பல பாக்கெட்டுகளில் 407 என்ற எண் இருக்கும். அது கராஜீனன். பாலும் கொழுப்பும் தனித்தனியா பிரியாம, வழவழன்னு ஒண்ணா நிற்க வைக்கிற பொருள். சில பற்பசையிலும் இருக்கும். சிவப்புப் பாசி வகைகளில் இருந்துதான் அதை எடுக்கிறாங்க.

அந்தச் சிவப்புப் பாசிகள்ல முக்கியமானது ஒண்ணுக்கு அறிவியல் பெயர் காப்பாபைகஸ் அல்வரேசி. ராமநாதபுரம் கடலோரத்தில் அந்தப் பெயரைச் சொன்னா பலருக்குப் புரியாது. 'பெப்சி பாசி'ன்னு சொல்லுங்க, உடனே கையை நீட்டிக் காட்டுவாங்க. ஏன் அந்தப் பெயர் வந்துச்சுன்னு கொஞ்ச நேரத்தில் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. பாசி இந்தக் கரைக்குப் புதுசு இல்லை. ஆய்வகம் சொல்லித் தரும் முன்பே, பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் தீவுகளை ஒட்டிய கடலில் மூழ்கி, விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு பாறையில ஒட்டின பாசியைப் பறிச்சிருக்காங்க. மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி, கட்டக்கோரைன்னு ஒவ்வொண்ணுக்கும் அவங்க பெயர் வெச்சிருக்காங்க. எந்த மாசம் எது தழைக்கும், எத்தனை நாள் பறிக்காம விட்டா மறுபடி வளரும் என்பதெல்லாம் அவங்க கணக்கு. அப்படிப் பாசி எடுக்கும் பெண்களின் தலைவியான லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைச்சது. இந்த அறிவு இங்கே ஏற்கெனவே இருந்தது என்பதை மனசுல வெச்சுக்கோங்க. கடைசியில் இதுக்கு வருவேன்.

ஜப்பானில் இருந்து மண்டபம் வரை

காப்பாபைகஸ் நம்ம கடலில் இயற்கையா வளர்ந்த பாசி இல்லை. அதோட பூர்வீகம் பிலிப்பைன்ஸ் பக்கம். 1984-ல் ஜப்பான் வழியாக அதன் சிறு துண்டுகள் இந்தியாவுக்கு வந்தன. கொண்டுவந்தது குஜராத்தின் பவநகரில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். சி.எஸ்.ஐ.ஆர். குடும்பத்தைச் சேர்ந்தது. முதலில் குஜராத்தின் ஓகா கடலில் வளர்த்துப் பழக்கினாங்க. 1990-களின் நடுவில் மண்டபத்தில் இருக்கும் தங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவந்து, இந்தக் கடலில் சோதனை செஞ்சாங்க.

அதாவது ஒரு பாசித் துண்டு நாட்டுக்குள் வந்து, வணிக வளர்ப்புக்குத் தயாராக சுமார் 15 வருஷம் ஆச்சு. அந்த 15 வருஷமும் யாருக்கும் லாபம் கிடையாது. சம்பளம் வாங்கிய விஞ்ஞானிகள், அரசு கொடுத்த ஆராய்ச்சி நிதி, கரையில் கயிறு கட்டிய தொழிலாளர்கள், அவ்வளவுதான். ஸ்டார்ட்அப்னா ஆறு மாசத்தில் செயலி செஞ்சு ஒரு வருஷத்தில் முதலீடு வாங்குறதுன்னு நாம நினைக்கிறோம். ஆய்வில் இருந்து பிறக்கிற தொழிலோட கடிகாரம் வேற. முதல் பத்து வருஷச் செலவை பெரும்பாலும் மக்கள் வரிப்பணம்தான் தாங்குது. அதனால அந்தக் கண்டுபிடிப்பு கடைசியில் யாருக்குப் பயன்படுதுன்னு கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு.

யாரும் கவனிக்காத தண்ணீர்

இப்போ கண்டுபிடிப்புக்கு வரலாம்.

இந்தப் பாசியை வளர்க்கிற முறை எளிமையானது. சுமார் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. குறுக்கே கயிறுகள். கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டி, மீன் கடிக்காம இருக்க அடியில வலை போட்டு, கடல்ல விட்டுடுவாங்க. ஒரு மிதவைக்கு சுமார் 60 கிலோ விதைப் பாசி. 45 நாளில் அது 200 கிலோவைத் தாண்டும். விதைக்கு 60 கிலோவை எடுத்து வெச்சுட்டு மிச்சத்தைக் காயப்போடலாம். ஒரு ஆளுக்கு 45 மிதவைன்னு கணக்கு போட்டாங்க. ஏன் 45? தினமும் ஒரு மிதவையில அறுவடை செஞ்சு திரும்பக் கட்டினா, 46-வது நாள் முதல் மிதவை மறுபடி தயாரா இருக்கும். மாச வருமானம் நிற்காது. முனைக்காடு, சம்பை, மாங்காடு, ஓலைக்குடா மாதிரி ஊர்களில் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் இதை எடுத்துச் செஞ்சது இந்தக் கணக்கினால்தான்.

ஆனா இதில ஒரு நஷ்டம் ஒளிஞ்சிருந்தது. பத்து கிலோ பச்சைப் பாசியைக் காய வெச்சா, ஒரு கிலோதான் மிஞ்சும். மிச்ச ஒன்பது கிலோ வெயிலில் ஆவியாகிப் போயிடும். உலகம் முழுக்க அப்படித்தான் செஞ்சாங்க. அந்தத் தண்ணீரைப் பத்தி யாரும் பெரிசா கவலைப்படல.

நம்ம விஞ்ஞானிகள் கவலைப்பட்டாங்க. காயப்போடும் முன்பே பச்சைப் பாசியை அரைச்சுப் பிழிஞ்சா என்ன ஆகும்? பிழிஞ்ச சாற்றில் பொட்டாசியம் சத்து இருக்கு, செடி வளர்ச்சியைத் தூண்டும் இயற்கை ஹார்மோன்களும் இருக்கு. வடிகட்டி, தண்ணீர் கலந்து பயிருக்குத் தெளிக்கலாம். பிழிஞ்ச சக்கையில் இருந்து கராஜீனனும் எடுக்கலாம். ஒரே பாசியில் இரண்டு பொருள். சக்கை மட்டும் போறதால காய வைக்கிற, ஏத்தி இறக்குற செலவும் குறையும். இந்த முறைக்கு 2005-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சது.

கவனிச்சுப் பாருங்க. புது உயிரினத்தை அவங்க கண்டுபிடிக்கல, விலை உயர்ந்த கருவி எதையும் செய்யல. வீணாப் போற ஒண்ணைப் பார்த்து 'இது ஏன் வீணாப் போகணும்'னு கேட்டாங்க. நல்ல கண்டுபிடிப்புகள்ல பாதி இப்படித்தான் ஆரம்பிக்குது.

வழி ஒன்று: உரிமம் கொடுப்பது

கண்டுபிடிச்சாச்சு. காப்புரிமை வந்தாச்சு. அடுத்து? விஞ்ஞானி வேலையை விட்டுட்டு உரம் விற்கப் போவாரா?

அந்தக் காலத்தில் பெரும்பாலும் போக முடியாது. அரசு ஆய்வக விஞ்ஞானி ஒரு கம்பெனியில் பங்கு வெச்சுக்க விதியே இடம் தரல. 2009-ல்தான் மத்திய அரசு அந்தக் கதவைத் திறந்தது. அதுக்கு முன்னாடி இருந்த முக்கிய வழி, தொழில்நுட்பத்தை ஒரு நிறுவனத்துக்கு உரிமமாகக் கொடுத்து கட்டணமும் ராயல்டியும் வாங்குவது.

2000-களின் தொடக்கத்தில் பாசி வளர்ப்புத் தொழில்நுட்பத்தை அப்படி வாங்கியது பெப்சிகோ. குளிர்பானக் கம்பெனிக்குப் பாசி எதுக்குன்னு கரையில் எல்லாரும் கேட்டிருப்பாங்க. ஆனா அந்தக் கம்பெனி வந்து பாசியை வாங்க ஆரம்பிச்சதும், பாசிக்கே 'பெப்சி பாசி'ன்னு பெயர் ஒட்டிக்கிச்சு. சுயஉதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடன், அரசு மானியம், கம்பெனி கொள்முதல் மூணும் சேர்ந்தப்போ வளர்ப்பு வேகமாகப் பரவியது.

2008 வாக்கில் பெப்சிகோ இந்தத் தொழிலில் இருந்து விலகியது. அந்த நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்த அபிராம் சேத், பாசித் தொழிலைத் தானே எடுத்து அக்வாக்ரி என்ற புது நிறுவனமா நடத்தினார். அதோட ஆலை சிவகங்கை மாவட்டம் மானாமதுரையில் இருக்கு. விவசாயிகளுக்கு இஃப்கோ கூட்டுறவு 'சாகரிகா' என்ற பெயரில் விற்கும் கடல்பாசித் திரவத்தை நீங்க உரக்கடையில் பார்த்திருக்கலாம். மண்டபத்துக் கடலில் ஆரம்பிச்ச சங்கிலியோட மறுமுனை அது.

உரிமம் கொடுக்கிற வழியில் ஒரு நன்மை, விஞ்ஞானி விஞ்ஞானியாகவே இருக்கலாம். விற்கத் தெரிஞ்சவர் விற்பார். ஒரு சிக்கலும் உண்டு. வாங்குறவர் ஒருத்தர்தான்னா, விலையும் அந்த ஒரே இடத்தில்தான் முடிவாகும். அவர் விலகினா கரையில நிற்கிறவங்க கதி என்ன என்ற கேள்வி எப்பவும் தொங்கிக்கிட்டே இருக்கும்.

வழி இரண்டு: கண்டுபிடிச்சவங்களே கம்பெனி தொடங்குவது

இரண்டாவது வழியைப் பார்க்க சென்னைக்குப் போகணும். 2010-ல் ஐஐடி மெட்ராஸ் உயிரித் தொழில்நுட்ப மாணவர்கள் சிலரும், அவங்களுக்கு வழிகாட்டிய ஸ்ரீகுமார் சூர்யநாராயணனும் சேர்ந்து சீ6 எனர்ஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கினாங்க. ஸ்ரீகுமார் பயோகான் நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்தவர். இணை நிறுவனர்கள்ல சௌம்யா பாலேந்திரனும் ஒருத்தர்.

பேரிலேயே எனர்ஜி இருக்கு பாருங்க. கடலில் பாசி வளர்த்து அதில இருந்து எரிபொருள் தயாரிப்பதுதான் முதல் யோசனை. நிலம் வேணாம், நல்ல தண்ணீர் வேணாம், உரம் வேணாம், எத்தனால் கிடைக்கும். 2012-ல் டென்மார்க்கின் நோவோசைம்ஸ் நிறுவனத்தோடு இதுக்காக ஒப்பந்தமும் போட்டாங்க. ஆனா எரிபொருளோட விலையில் பாசி போட்டி போடணும்னா, பாசி ரொம்பக் குறைஞ்ச விலைக்கு, மலை மலையாக் கிடைக்கணும். கையால கயிறு கட்டி அந்த அளவை எட்ட முடியாது.

அவங்க இரண்டு வேலை செஞ்சாங்க. ஒண்ணு, முதல் யோசனையைப் பிடிச்சுக்கிட்டே நிற்காம, பயிர் ஊக்கி, உணவுப் பொருள், பிளாஸ்டிக்குக்கு மாற்று மாதிரி இன்னிக்கே விலை கிடைக்கிற பொருள்கள் பக்கம் திரும்பினாங்க. இரண்டாவது, கடலிலேயே நடவும் அறுவடையும் செய்யும் ஒரு இயந்திரத்தை உருவாக்கினாங்க. நிலத்தில் நெல் அறுவடை இயந்திரம் எப்படியோ, கடலில் அது. பெயர் சீகம்பைன். 2024-ல் இந்தோனேசியாவின் லோம்போக் தீவுக்குப் பக்கத்தில் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் இயந்திரமயப் பாசிப் பண்ணையைத் தொடங்கினாங்க.

மாணவர்களாகத் தொடங்கியவங்க அங்கே போய்ச் சேர 14 வருஷம். இதிலும் அதே நீளமான கடிகாரம்தான். இடையில் அரசு ஆராய்ச்சி மானியம், பெங்களூரில் இருக்கும் சி-கேம்ப் மாதிரி அரசு ஆதரவு பெற்ற ஆய்வக வசதி, பிறகு தனியார் முதலீடுன்னு படிப்படியா ஏறினாங்க.

இந்த வழியில் கண்டுபிடிச்சவங்க கையிலேயே முடிவு இருக்கும். எது வேலை செய்யல, ஏன் செய்யலன்னு அவங்களுக்குத்தான் உடனே தெரியும், உடனே மாத்த முடியும். ஆனா பத்து வருஷம் சம்பளம் நிச்சயமில்லாம ஓடணும். நல்ல ஆராய்ச்சியாளர் எல்லாரும் நல்ல முதலாளியா இருக்கணும்னு அவசியமும் இல்லை. அதனால 'எல்லாரும் ஸ்டார்ட்அப் தொடங்குங்க'ன்னு நான் சொல்ல மாட்டேன். எந்த வழி உங்க கண்டுபிடிப்புக்குப் பொருந்தும்னு யோசிங்கன்னுதான் சொல்வேன்.

கடல் கொடுத்த பதில்

இது வரைக்கும் வெற்றிக் கதை மாதிரி இருக்கும். ஆனா கதையோட மறுபாதியையும் சொல்லணும்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுத்தி 1986-ல் தேசியக் கடல் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகள் நிறைஞ்ச இடம். வெளியில இருந்து வந்த ஒரு பாசி அங்கே பரவினா என்ன ஆகும் என்ற பயம் ஆரம்பத்திலேயே இருந்துச்சு. 2005 டிசம்பரில் தமிழ்நாடு அரசு காப்பாபைகஸ் வளர்ப்பை பாக் நீரிணையின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடலுக்கும் என்று கட்டுப்படுத்தி ஆணை போட்டது. 2008-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகள் மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பதைப் பதிவு செஞ்சு கட்டுரை வெளியிட்டாங்க.

இன்னொரு அடியும் விழுந்தது. எல்லா மிதவையிலும் இருந்தது கிட்டத்தட்ட ஒரே பாசியோட துண்டுகள். விதை போட்டு முளைக்க வெச்சது இல்லை, ஒடிச்சு ஒடிச்சு நட்டது. 2013-க்குப் பிறகு கடல் நீர் அதிகம் சூடான காலத்தில், ஒண்ணு வெளுத்தா எல்லாம் வெளுத்தது. கிளைகள் பனிக்கட்டி மாதிரி வெள்ளையாகி ஒடியும் இந்த நோய்க்கு ஐஸ்-ஐஸ் என்றே பெயர். விளைச்சல் பாதாளத்துக்குப் போச்சு. ஓரா மீன் கடிச்சதும் சேர்ந்துக்கிச்சு. கடன் வாங்கி மூங்கில் வாங்கியவங்க பாடு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதுக்குப் பிறகு ஆய்வகம் மறுபடி உள்ளே வந்தது. அதே மண்டபம் நிலையம் திசு வளர்ப்பு முறையில் நல்ல நாற்றுப் பாசியை உருவாக்கும் வேலையில் இறங்கியது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்கா அமைக்க 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. தரமான விதை, பரிசோதனைக் கூடம், பதப்படுத்தும் வசதி எல்லாம் ஒரே இடத்தில் வேணும் என்பதுதான் அதன் நோக்கம்.

இதில் நமக்கு என்ன பாடம்? ஒரு கண்டுபிடிப்பை சந்தைக்கு அனுப்பினதும் ஆராய்ச்சி முடிஞ்சிடாது. ஆய்வகத்தில் தெரியாத கேள்விகளைக் கடல் கேட்கும். அதுக்குப் பதில் சொல்ல ஆய்வகமும் கம்பெனியும் கரையும் ஒண்ணா இருக்கணும். யாராவது ஒருத்தர் கையைக் கழுவினா, நஷ்டம் கடைசியில் தண்ணிக்குள்ள இடுப்பளவு நிற்கிறவங்க தலையில்தான் விடியும்.

கரைக்கு என்ன பங்கு?

கண்டுபிடிப்பு தொழில் ஆகும்போது பணம் எங்கே போகணும் என்பது பத்தியும் இந்தக் கடலோரத்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கு. நிறையப் பேருக்குத் தெரியாது.

இந்தியாவில் 2002-ல் பல்லுயிர் பெருக்கச் சட்டம் வந்தது. நம்ம நாட்டு உயிரி வளத்தை வணிகத்துக்கு எடுத்தா, அதோட பலனில் ஒரு பங்கை உள்ளூர் மக்களுக்குத் தரணும் என்பது அதன் அடிப்படை. அந்தச் சட்டப்படி சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் பெப்சிகோ அனுமதி வாங்கி, காப்பாபைகஸ் பாசியை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செஞ்சது. அதுக்காக 37 லட்சம் ரூபாய்க்கும் மேல் செலுத்தியது. நாட்டில் நடந்த ஆரம்பகாலப் பலன் பகிர்வுகளில் இது முக்கியமானது. பாசி வளர்த்த கடலோர மக்களுக்காக அந்தத் தொகை ஒதுக்கப்பட்டது.

தொகை சின்னதா பெரிசான்னு வாதம் செய்யலாம். ஆனா கொள்கை பெரிசு. நான் முதல்ல சொன்ன பாசி எடுக்கும் பெண்களை நினைச்சுக்கோங்க. மரிக்கொழுந்துப் பாசி எங்கே வளரும், எப்போ பறிக்கணும்னு ஒரு பாட்டி சொன்னதை வெச்சு நாளைக்கு நீங்க ஒரு மருந்தோ உரமோ கண்டுபிடிச்சா, அந்தக் கண்டுபிடிப்பில் அவங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. சட்டமும் அதைத்தான் சொல்லுது. இந்திய உயிரி வளத்தை வெச்சு செஞ்ச கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்கும்போது ஆணையத்தின் விதிமுறைகளையும் பார்க்கணும். இதை முதல்லயே தெரிஞ்சு வெச்சுக்கிட்டா பின்னாடி தலைவலி இல்லை.

உங்க கையில் ஒரு கண்டுபிடிப்பு இருந்தா

இனி உங்களுக்கான பகுதி. நான் கல்லூரியில் படிச்சப்போ பக்கத்துத் துறையில் ஒரு தோழி, உப்புத் தண்ணியைச் சோதிக்க ரொம்ப மலிவான ஒரு கருவி செஞ்சா. புராஜெக்ட் மதிப்பெண் வந்தது. கருவி துறை அலமாரிக்குப் போச்சு. அவ வேற வேலைக்குப் போயிட்டா. உங்க வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருத்தர் நிச்சயம் இருப்பாங்க. அவங்களுக்கு இதைச் சொல்லுங்க.

1. முதல்ல வாயை மூடுங்க, பிறகு காப்புரிமை கேளுங்க. கருத்தரங்கில் பேசுறதுக்கும், கட்டுரை வெளியிடுறதுக்கும், ரீல்ஸ் போடுறதுக்கும் முன்னாடி விண்ணப்பம் போடுங்க. வெளியே சொல்லிட்டா 'புதுசு' என்ற தகுதியே போயிடலாம். முழுசா தயாராகலைன்னா தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடிச்சு வெச்சுக்கலாம். முழு விண்ணப்பத்துக்கு 12 மாசம் இருக்கு. தனிநபர், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் இவங்களுக்குக் கட்டணம் குறைவு. இணையவழி விண்ணப்பத்துக்கு அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். காப்புரிமை கிடைச்சா விண்ணப்பித்த நாளில் இருந்து 20 வருஷம் செல்லும்.

2. ஏற்கெனவே யாராவது செஞ்சிருக்காங்களான்னு தேடுங்க. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் பக்கம் இலவசம். கூகுள் பேட்டன்ட்ஸும் இலவசம். போன்லயே பார்க்கலாம். இரண்டு நாள் தேடினா இரண்டு வருஷம் மிச்சமாகும்.

3. யாருக்கு உரிமைன்னு எழுத்தில் கேளுங்க. கல்லூரியோட ஆய்வகத்தையோ நிதியையோ பயன்படுத்தினா, உரிமையில் கல்லூரிக்கும் பங்கு வரும். மத்திய கல்வி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையின்படி, வசதி செஞ்சு தர்ற கல்வி நிறுவனம் கம்பெனியில் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுக்கலாம். ஆசிரியர்கள் கம்பெனி தொடங்க விடுப்பு எடுக்கவும் அது வழி செய்யுது. உங்க கல்லூரி தன் விதியை எப்படி வகுத்திருக்குன்னு முதல்வர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்க.

4. படிக்கு ஏத்த பணத்தைத் தேடுங்க. யோசனையை மாதிரிக் கருவியா மாத்த, தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் புத்தாக்க வவுச்சர் தருது. முதல் நிலைக்கு 2 லட்சம், அடுத்த நிலைக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கம்பெனி தொடங்கிய பிறகு ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டம் இருக்கு. உயிரித் தொழில்நுட்பம்னா மத்திய அரசின் பைராக் அமைப்பு தரும் பிக் மானியம் 50 லட்சம் வரை போகும். விண்ணப்பக் காலமும் தகுதியும் மாறும். அதனால அந்தந்த இணையதளத்தில் பார்த்துட்டு விண்ணப்பிங்க. நடுவில் யாராவது 'வாங்கித் தர்றேன், கமிஷன் கொடுங்க'ன்னா நம்பாதீங்க.

5. பக்கத்தில் இருக்கும் ஆய்வுக் கதவைத் தட்டுங்க. இந்த மாவட்டத்திலேயே மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கு. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை வளாகம் இருக்கு. புதுமடத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கடலோர ஆய்வு மையம் இருக்கு. ஆய்வாளர்களுக்குக் கேள்வி தேவை. கேள்வி உங்ககிட்ட இருக்கலாம்.

6. பயன்படுத்தப் போறவங்ககிட்ட முதல்லயே பேசுங்க. கருவியைச் செஞ்சு முடிச்சுட்டு வாங்குறவரைத் தேடாதீங்க. மிதவை கட்டுற அக்காகிட்ட, வலை பின்னுற அண்ணன்கிட்ட போய் உட்காருங்க. 45 மிதவைக் கணக்கு மாதிரி, வேலை செய்யும் விடை அவங்க அன்றாடத்தில்தான் இருக்கும்.

முடிக்கும் முன்

இதே ராமேசுவரத்தில் 1931-ல் பிறந்தவர் அப்துல் கலாம். ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைஞ்ச பொருளை வெச்சு, கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு லேசான தாங்கி செய்ய வெச்சார். கிலோக்கணக்கில் கனத்த கருவி சில நூறு கிராமா குறைஞ்சது. தான் செஞ்ச வேலைகள்லயே மனசுக்கு நிறைவு தந்தது அதுதான்னு அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கார். அவர் அங்கே கம்பெனி எதுவும் தொடங்கல. ஆனா கேட்ட கேள்வி அதேதான்: இது யாருக்குப் பயன்படும், அவங்க கைக்கு எப்படிப் போய்ச் சேரும்?

அடுத்த தடவை தனுஷ்கோடி வரும்போது, பாம்பன் தாண்டினதும் வழியில் வண்டியை நிறுத்தி, பெண் கடல் பக்கம் ஒரு பாசிக் கரைக்குப் போங்க. மிதவையை இழுக்கிற ஒரு அக்காகிட்ட, 'இதில எது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?'ன்னு கேளுங்க. கயிறு கட்டும்போது விரல் கிழியுதுன்னு சொல்லலாம். மீன் கடிக்குதுன்னு சொல்லலாம். மழைக்காலத்தில் காய வைக்க முடியலன்னு சொல்லலாம்.

அந்தப் பதிலை போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க. உங்க கல்லூரியில் அடுத்த புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுற யாருக்காவது அதை அனுப்புங்க.